35வது வாரம், தலைப்பிரசவம்: பம்ப், பாட்டில், ஸ்டெரிலைசர் எல்லாம் இப்போதே வாங்கி வைக்க வேண்டுமா?

அம்மாபேட்டைப் பெண்:

எல்லோருக்கும் வணக்கம். வளைகாப்பு முடிந்து சேலத்தில் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். கணவருக்கு ஓசூரில் வேலை, சனி ஞாயிறு வந்து போகிறார். பிரசவப் பையில் மற்றதெல்லாம் ஓரளவு தயார், பால் கொடுப்பதற்கு என்ன வாங்குவது என்பதில்தான் மண்டை குழம்பிக் கிடக்கிறது.

நாத்தனார் ஒரு பட்டியல் அனுப்பியிருக்கிறார். எலக்ட்ரிக் டபுள் பம்ப், ஃபீடிங் பாட்டில் நாலு, ஸ்டெரிலைசர், பாட்டில் வார்மர், பால் சேமிக்கும் பை, காம்பின் மேல் மாட்டும் நிப்பிள் ஷீல்ட், காம்புக்குப் போடும் க்ரீம், ஃபீடிங் தலையணை, பிரா உள்ளே வைக்கும் பேட். கூட்டிப் பார்த்தால் பதினைந்தாயிரத்தைத் தாண்டுகிறது. அம்மா இதைப் பார்த்துவிட்டு "ஒரு சங்கு இருந்தா போதும், செவ்வாய்ப்பேட்டையில வெள்ளியிலயே வாங்கிக்கலாம்" என்கிறார். இரண்டு பேரும் என் நல்லதுக்குத்தான் சொல்கிறார்கள், அதனால் யார் பேச்சையும் தட்ட மனசு வரவில்லை.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். பம்ப் இப்போதே வேண்டுமா, பிறகு வாங்கலாமா? தாய்ப்பால் மட்டும் கொடுக்க வேண்டும் என்று உறுதியாக இருக்கிறேன், அப்படியிருக்க பாட்டில் எதற்கு? ஒருவேளை சிசேரியன் ஆகி முதல் இரண்டு நாள் பால் வரவில்லை என்றால் கையில் எதுவும் இல்லாமல் தவிக்க வேண்டியிருக்குமா? லீவு முடிந்து வேலைக்கும் போக வேண்டும், 26 வாரம் லீவு, போன வாரமே தொடங்கிவிட்டது.

கொண்டலாம்பட்டி அக்கா:

தங்கச்சி, இரண்டு பிள்ளை பெற்றவள் சொல்கிறேன், அந்தப் பட்டியலில் முக்கால்வாசியை இப்போது வாங்காதே. உனக்கு எது தேவைப்படும் என்பது பிள்ளை பிறந்து ஒரு வாரம் போனால்தான் தெரியும். காம்பில் வெடிப்பு வருமா, பால் கட்டுமா, பிள்ளை நன்றாக வாய் வைக்குமா என்பதெல்லாம் இப்போது யாராலும் சொல்ல முடியாது. நாம் இருப்பது சேலம் டவுன், நாலு ரோடு பக்கம் போனால் பிள்ளைகள் சாமான் கடை இருக்கிறது, ஆன்லைனில் போட்டால் இரண்டு நாளில் வீட்டுக்கு வந்துவிடுகிறது. அவசரத்துக்கு மெடிக்கலிலேயே கைப் பம்ப் கிடைக்கும்.

நீ உண்மையிலேயே இப்போது வாங்க வேண்டியது ஃபீடிங் நைட்டி. முன்னால் இரண்டு பக்கமும் ஜிப் வைத்தது, பருத்தியில், குறைந்தது நாலு. இதை யாரும் பட்டியலில் போடுவதில்லை, ஆனால் நாள் முழுக்க நீ அதில்தான் இருப்பாய், பால் கசிந்து வேர்த்து மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், சேலத்து வெயில் உனக்கே தெரியும். அடுத்து கொக்கி முன்னால் இருக்கும் ஃபீடிங் பிரா இரண்டு, இப்போதைய அளவுக்கு ஒரு சைஸ் தள்ளி வாங்கு, பால் இறங்கியதும் இறுக்கினால் கட்டிக்கொள்ளும். பேட் காசு கொடுத்து வாங்க வேண்டாம், அப்பாவின் பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து நாலாக மடித்துத் தைத்து வைத்தால் போதும், நனைந்ததும் மாற்ற வேண்டும் என்பது மட்டும் முக்கியம், ஈரத்தோடு கிடந்தால் காம்பு ஊறிப் புண்ணாகும்.

ஃபீடிங் தலையணை எனக்குப் பிடித்த சாமான்தான், ஆனால் வீட்டில் இருக்கும் தலையணை இரண்டை மடியில் அடுக்கினாலும் அதே உயரம் வரும். முதுகு சாயும்படி கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்று, காலுக்குக் கீழே மனைப்பலகை. இவ்வளவு இருந்தால் ராத்திரி மூன்று மணிக்கும் இடுப்பு வலிக்காமல் உட்காரலாம்.

வார்மர் வேண்டவே வேண்டாம்.

வார்டு நர்ஸ்:

பிரசவ வார்டில் பல வருடமாக வேலை பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் பயத்துக்குப் பதில். பிரசவம் ஆன உடனே பால் பீய்ச்சி அடிக்காது, யாருக்குமே. முதல் இரண்டு மூன்று நாள் வருவது சீம்பால்தான், மஞ்சளாக, கெட்டியாக, சொட்டுச் சொட்டாக வரும். பிறந்த அன்று குழந்தை ஒரு தடவைக்குக் குடிப்பதே ஒரு டீஸ்பூனுக்குப் பக்கத்தில்தான், அதற்கு அந்தச் சொட்டுகள் போதும். இது தெரியாததால்தான் "பாலே இல்லை, பிள்ளை பட்டினி கிடக்குது" என்று வீட்டார் பதறிப் பவுடர் பால் டப்பாவைத் தேடுகிறார்கள். வெள்ளைப் பால் நன்றாக இறங்க இரண்டிலிருந்து நாலு நாள் ஆகும், சிசேரியனில் இன்னும் சற்றுத் தள்ளலாம். ஆனால் முதுகில் ஊசி போட்டுச் செய்யும் சிசேரியனில் நீங்கள் விழித்துத்தான் இருப்பீர்கள், தாயும் பிள்ளையும் நலமாக இருந்தால் முதல் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே மார்பில் போடலாம். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சொல்வதும் இதுதான், முதல் மணி நேரத்தில் தொடங்கி ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம்.

இந்தச் சீம்பாலுக்குப் பம்ப் சரிப்படாது. அளவு மிகக் குறைவு, கெட்டியும் அதிகம், பம்பின் குழாயிலும் கிண்ணத்திலுமே ஒட்டிக்கொள்ளும். கையால் பீய்ச்சி ஒரு சுத்தமான ஸ்பூனிலோ சின்னக் கிண்ணத்திலோ பிடிப்பதுதான் வழி. காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் ஓரத்தில் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்து, முதலில் நெஞ்சுப் பக்கமாக அழுத்தி, பிறகு இரண்டு விரலையும் சேர்த்து அமுக்கி விட வேண்டும். காம்பைப் பிடித்து இழுக்கக் கூடாது. எப்படிச் செய்வது என்று அடுத்த செக்கப்பில் நர்ஸிடம் கேளுங்கள், ஆனால் நீங்களாகச் செய்வது பிரசவத்துக்குப் பிறகுதான்.

உங்கள் அம்மா சொன்ன சங்கு நல்ல யோசனை. நாங்கள் வார்டில் பாலாடை என்போம். மார்பில் குடிக்க முடியாத குழந்தைக்குப் பீய்ச்சிய பாலைக் கொடுக்கப் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளிலும் அதைத்தான் கையில் எடுக்கிறோம். பாட்டில் நிப்பிளில் வெட்டுக் கீறல் வரும், பால் ஆடை மூலையில் தங்கும், கழுவ பிரஷ் வேண்டும். பாலாடையில் மூலை முடுக்கே இல்லை. வெள்ளியில் ஆசைப்பட்டால் வாங்கட்டும், ஆனால் வேலைப்பாடு, பற்றவைத்த விளிம்பு எல்லாம் இல்லாமல் உள்பக்கம் வழவழப்பாக இருப்பதைப் பார்த்து எடுங்கள். தினம் கொதிக்க வைக்க ஸ்டீல்தான் சௌகரியம், விலையும் சொற்பம். சோப்புப் போட்டுக் கழுவி, முழுவதும் மூழ்கும்படி தண்ணீரில் போட்டு, கொதி வந்ததிலிருந்து 10 நிமிடம். இதற்கு ஸ்டெரிலைசர் எதற்கு? நம் ஊர் போர் தண்ணீரை அதில் ஊற்றினால் தட்டு முழுக்க உப்புப் படிந்துபோகும்.

பாலாடையில் கொடுக்கும் விதம் மிக முக்கியம். குழந்தை விழித்திருக்க வேண்டும், தலையை உயர்த்தி மடியில் சாய்த்துப் பிடிக்க வேண்டும். பாலாடையின் மூக்கு நுனியைக் குழந்தையின் வாயோரத்தில் கீழ் உதட்டின் மேல் வைத்து லேசாகச் சாய்த்தால் குழந்தை தானாக உறிஞ்சி விழுங்கும். விழுங்கிய பிறகுதான் அடுத்த சொட்டு. நம் பாட்டிமார் சிலர் பிள்ளையை காலில் மல்லாக்கப் படுக்க வைத்து, அழும்போது வாய்க்குள் ஊற்றுவார்கள், அதை மட்டும் விடாதீர்கள், புரை ஏறி நுரையீரலுக்குப் போய்விடும்.

நிப்பிள் ஷீல்டை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். காம்பு உள்ளடங்கி இருந்தோ, குழந்தை பிடிக்க முடியாமலோ இருந்தால் பார்த்துச் சொல்பவர் ஒருவர் வேண்டும். வலிக்கிறது என்பதற்காக ஷீல்ட் போட்டால் வலிக்கான காரணம் அப்படியே இருக்கும், பால் சுரப்பும் குறையலாம். வலி பெரும்பாலும் பிடிப்பு சரியில்லாததால் வருவது. குழந்தையின் வாய் அகலமாகத் திறந்திருக்க வேண்டும், தாடை மார்பில் பட வேண்டும், கீழ் உதடு வெளியே மடிந்திருக்க வேண்டும், கருவட்டம் மேலே அதிகமாகவும் கீழே குறைவாகவும் தெரிய வேண்டும். காம்பை மட்டும் சப்பினால் வெடிப்பு வரும். அதற்குக் கடைசியாக வரும் பாலில் ஒரு சொட்டைத் தடவிக் காற்றாட விடுவதே முதல் மருந்து, க்ரீம் தேவைப்பட்டால் பிறகு வாங்கலாம்.

வாங்குவதை விட்டுவிட்டு, பிரசவம் பார்க்கப்போகும் ஆஸ்பத்திரியில் இப்போதே கேட்டு வையுங்கள்: பிறந்ததும் குழந்தையை என் பக்கத்திலேயே வைப்பீர்களா, முதல் நாள் பிடிக்க வைக்க யார் உதவுவார்கள், என்னைக் கேட்காமல் பவுடர் பால் கொடுப்பீர்களா. பவுடர் பால், ஃபீடிங் பாட்டில் இரண்டுக்கும் விளம்பரம் செய்வதும் இலவச சாம்பிள் கொடுப்பதும் 1992ஆம் வருடச் சட்டப்படி நம் நாட்டில் குற்றம், 2003ல் அதை இன்னும் இறுக்கினார்கள். யாராவது டிஸ்சார்ஜ் அன்று டப்பாவையோ பாட்டிலையோ பரிசாக நீட்டினால் வாங்காதீர்கள்.

ஆத்தூர் அம்மா:

நர்ஸ் அக்கா எழுதியது அத்தனையும் சரி, ஆனால் "பம்ப் பிறகு பார்க்கலாம்" என்பதை எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட முடியாது. என் மகன் 31வது வாரத்தில் பிறந்தான். இன்குபேட்டரில் இருந்த பிள்ளையை மார்பில் போட வழியே இல்லை, உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றையும் சேர்த்துச் செய்யும் பக்குவம் 34 வாரம் வாக்கில்தான் வருமாம். அதுவரை குழாய் வழியாகவும் பிறகு பாலாடையிலும் என் பால்தான் போனது. மார்பில் வாய் வைக்கப் பிள்ளை இல்லாதபோது சுரப்பைக் காப்பாற்றுவது பீய்ச்சுவது மட்டும்தான், இரவு பகல் பார்க்காமல் ஒரு நாளைக்கு எட்டுத் தடவையாவது, அதுவும் பிரசவமான சில மணி நேரத்திலேயே தொடங்க வேண்டும் என்றார்கள். சீம்பாலைக் கையால் பீய்ச்சினேன், மூன்றாம் நாளிலிருந்து டபுள் எலக்ட்ரிக் பம்ப். அந்த மெஷின் இல்லாவிட்டால் என் கை தாங்கியிருக்காது. இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் எடுப்பதால் நேரமும் பாதி.

அதனால் உனக்கு நான் சொல்வது, வாங்க வேண்டாம், ஆனால் எந்தப் பம்ப், எந்தக் கடை, என்ன விலை என்று இப்போதே பார்த்துக் குறித்து உன் கணவரிடம் கொடுத்துவிடு. வாடகைக்குக் கிடைக்கிறதா என்றும் ஆஸ்பத்திரியில் விசாரி. அவசரம் வந்தால் அவர் ஓசூரில் இருந்தாலும் உடனே ஏற்பாடு செய்யும்படி இருக்க வேண்டும். அந்த நேரத்தில் உட்கார்ந்து மாடல் ஒப்பிட உன்னால் முடியாது.

இன்னொன்று, சேலம் பெரிய ஆஸ்பத்திரியில், மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில்தான் சொல்கிறேன், தாய்ப்பால் வங்கி இருக்கிறது. குறைமாதப் பிள்ளைக்குத் தாயிடம் பால் போதாதபோது பவுடருக்கு முன்னால் அதைப் பற்றிக் கேட்கலாம். பிற்பாடு உனக்குப் பால் மிஞ்சினால் கொடுக்கவும் செய்யலாம், கொடுத்தால் எத்தனை பிள்ளைகளுக்கு உயிர் என்று அந்த வார்டு வாசலில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஏற்காடு காபிப்பூ:

வேலைக்குத் திரும்புவதைப் பற்றி யாரும் எழுதவில்லை, அதை நான் எழுதுகிறேன். ஏற்காட்டில் இருக்கிறேன், கீழே சேலத்தில் வேலை, இருபது கொண்டை ஊசி வளைவும் தினம் ஏறி இறங்கிக்கொண்டே பால் எடுத்து வைத்து வளர்த்தேன்.

முதலில் உங்கள் லீவுக் கணக்கைப் பாருங்கள். 26 வாரம் என்பது பிரசவத்திலிருந்து இல்லை, லீவு தொடங்கிய நாளிலிருந்து. 34வது வாரத்திலேயே தொடங்கிவிட்டீர்கள், 40ல் பிரசவம் என்றால் ஆறு வாரம் முன்னாலேயே போய்விடும், குழந்தைக்கு ஐந்து மாதம்கூட முடிவதற்குள் நீங்கள் ஆபீஸில் இருப்பீர்கள். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்று உறுதியாக இருக்கிறீர்கள் அல்லவா, அந்தக் கடைசி ஒரு மாதத்துக்கும் அதன் பிறகும்தான் பம்ப் உங்களுக்கு நிஜமாகவே வேண்டும். அதாவது மூன்றரை மாதம் வாக்கில் வாங்கினால் போதும், பழகிக்கொள்ள நேரம் இருக்கும், வாரண்டியும் பெட்டிக்குள்ளேயே தீர்ந்துபோகாது.

அதுவரை காத்திருப்பதில் இன்னொரு லாபம் அளவு. பம்பின் வாய்ப்பகுதி, அந்தப் புனல் மாதிரி இருப்பது, பெரும்பாலும் 24 மி.மீ. அளவில் வரும். பலருக்கு அது பெரிது. காம்பு உள்ளே தடையில்லாமல் போய்வர வேண்டும், கருவட்டம் கூடவே இழுபடக் கூடாது. கர்ப்பத்திலும் பால் கொடுக்கும்போதும் காம்பின் அளவு மாறும் என்பதால் அப்போது அளந்து வாங்குவதுதான் சரி. வாங்கும்போது சார்ஜ் ஏறும் பேட்டரி உள்ளதாகப் பாருங்கள், மலையில் மழைக்காலத்தில் கரண்ட் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது, டவுனிலும் மாதாந்திரப் பராமரிப்பு என்று பகல் முழுக்க நிறுத்துவார்கள். பால் மோட்டார் பக்கம் போகாதபடி தடுப்பு வைத்த குளோஸ்டு சிஸ்டம் வாங்குங்கள், குழாய்க்குள் பூஞ்சை பிடிக்காது. கூடவே ஒரு சாதாரணக் கைப் பம்ப் பையில் இருக்கட்டும்.

எடுத்த பால் 25 டிகிரி வரை உள்ள அறையில் 4 மணி நேரம் தாங்கும். ஏற்காட்டில் பல மாதம் அது சரிவரும், கீழே சித்திரை வெயிலில் அந்தக் கணக்கை நம்பாதீர்கள், எடுத்ததும் ஃபிரிட்ஜ்தான். ஃபிரிட்ஜில் 4 நாள், கதவில் இல்லாமல் உள்ளே பின்பக்கம் வையுங்கள். வீட்டுக்குக் கொண்டு போக ஐஸ் பேக் வைத்த பை. ஆறின பாலில் கொழுப்பு மேலே தனியாக நிற்கும், கெட்டுவிட்டது என்று யாரும் கொட்டிவிடாமல் வீட்டில் சொல்லி வையுங்கள், மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும். சூடாக்க வெந்நீர் உள்ள கிண்ணத்துக்குள் பால் டம்ளரை வைத்தால் போதும், அடுப்பில் வைக்க வேண்டாம், மைக்ரோவேவ் கூடவே கூடாது. ஃப்ரீசரிலிருந்து எடுத்து இளகியதைத் திரும்ப உறைய வைக்கக் கூடாது. குழந்தை குடித்து மிச்சம் வைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், இல்லையென்றால் கொட்டிவிட வேண்டியதுதான், வயிறு எரிந்தாலும்.

குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை வேலை நேரத்தில் பால் கொடுக்க இரண்டு இடைவேளை தர வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது, 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடம் என்றால் குழந்தைகள் காப்பகமும் உண்டு. இதை லீவு முடிவதற்கு ஒரு மாதம் முன்பே எழுத்தில் கேளுங்கள், பூட்டுப் போடக்கூடிய அறை ஒன்றும் கேளுங்கள். கழிவறையில் நின்று பால் எடுக்கச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். என் பிள்ளையின் சாப்பாட்டை நான் அங்கே எடுக்க முடியாது என்று நேரடியாகவே சொன்னேன், அறை கிடைத்தது.

சூரமங்கலம் அப்பா:

ஒரு அப்பாவாக இரண்டு வரி. அந்தப் பதினைந்தாயிரத்தில் பாதியை முதல் ஒரு மாதத்துக்கு வீட்டு வேலைக்கு ஆள் வைக்க எடுத்து வையுங்கள். என் மனைவிக்குப் பால் நன்றாக வந்ததற்குத் தூக்கமும் நேரத்துக்குச் சாப்பாடும்தான் காரணம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை குழந்தை குடிக்கும், துணி துவைக்கவும் பாத்திரம் கழுவவும் அவர் எழுந்து போகக் கூடாது. உங்கள் கணவர் லீவு சேர்த்து வைத்திருந்தால் முதல் இரண்டு வாரத்துக்கு எடுக்கச் சொல்லுங்கள்.

அம்மாபேட்டைப் பெண்:

எல்லோருக்கும் நன்றி, லீவுக் கணக்கை நான் யோசித்தே பார்க்கவில்லை, ஏற்காடு அக்காவுக்குத் தனி நன்றி. இப்போதைக்கு ஃபீடிங் நைட்டி நாலு, பிரா இரண்டு, துணி பேட், ஒரு ஸ்டீல் பாலாடை. அம்மாவுக்காக வெள்ளிச் சங்கும் ஒன்று வாங்குகிறோம். டபுள் பம்ப் ஒன்றின் பெயரும் கடையும் விலையும் எழுதிக் கணவர் போனில் அனுப்பிவிட்டேன்.

இரண்டு சந்தேகம் பாக்கி. பிறந்ததும் பெரியம்மா தேன் தொட்டு சேனை வைக்க வேண்டும் என்கிறார், தெருவில் கழுதைப் பால் வந்தால் ஒரு சங்கு கொடுக்க வேண்டும் என்றும் சொல்கிறார். அப்புறம், சித்தி மகள் தன் பழைய எலக்ட்ரிக் பம்பைக் கொண்டு வந்து கொடுத்திருக்கிறாள். எப்படி வேலை செய்கிறது என்று இப்போது ஒருமுறை வைத்துப் பார்க்கலாமா?

வார்டு நர்ஸ்:

தேன் வேண்டாம், ஒரு வயது வரை துளிகூட வேண்டாம். அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி பச்சைக் குழந்தையின் குடலில் வளர்ந்து கை கால் தளர்ந்து மூச்சே சிரமமாகும் நோயைக் கொண்டு வரும், பாட்யூலிசம் என்பார்கள். காய்ச்சாத கழுதைப் பாலும் வேண்டாம், தெருவில் கறந்த கை, பாத்திரம் எதுவும் சுத்தம் என்று சொல்ல முடியாது. சர்க்கரைத் தண்ணீரும் இதே கணக்குதான். பெரியம்மாவிடம் சண்டை போடாதீர்கள், டாக்டரே அவரிடம் சொல்லும்படி அடுத்த செக்கப்புக்கு அவரையும் கூட்டிப் போங்கள். முதல் சொட்டு சீம்பாலை அவர் கையால் பாலாடையில் கொடுக்கட்டும் என்று நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன், மனசு நிறைந்து போவார்கள்.

பால் போதுகிறதா என்று சந்தேகம் வரும்போது மார்பைப் பார்க்காதீர்கள், நனைந்த துணியை எண்ணுங்கள். ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறு தடவைக்கு மேல் சிறுநீர் போனால் போதுகிறது என்று அர்த்தம். முதல் சில நாளில் எடை கொஞ்சம் இறங்குவது இயல்பு, இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும். குழந்தை எழுப்பினாலும் எழாமல் தூங்கிக்கொண்டே இருந்தாலோ, துணி நனைவது குறைந்தாலோ, கண்ணும் உடம்பும் மஞ்சளாகிக்கொண்டே போனாலோ காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள். டாக்டர் பவுடர் பால் கொஞ்ச நாளைக்குக் கொடுக்கச் சொன்னால் கொடுங்கள், அதனால் தாய்ப்பால் முடிந்துபோய்விடாது, கூடவே பீய்ச்சிக்கொண்டே வந்தால் சுரப்பு குறையாமல் இருக்கும்.

சித்தி மகளின் பம்பை இப்போது வைக்கவே வைக்காதீர்கள். காம்பைத் தூண்டினால் கர்ப்பப்பை இறுகும், உங்களுக்கு 35 வாரம்தான் ஆகிறது. பிறகும்கூட, அது பால் உள்ளே போகக்கூடிய ஓப்பன் வகை என்றால் ஒருவர் பயன்படுத்தியதை இன்னொருவர் எடுக்கக் கூடாது, குழாயையும் புனலையும் மாற்றினாலும் மோட்டாருக்குள் போனதைக் கழுவ முடியாது. மாடல் பெயரை இங்கே எழுதுங்கள், எந்த வகை என்று பார்த்துச் சொல்கிறேன்.